முதல் ஆளாகச் சிரிப்பவன்

2023 டிசம்பர் 31ஆம் திகதி மத்தியானமே டேவ் ஷப்பெலின் 'த ட்ரீமர்' நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. நாங்கள் இரவு வரைக்கும் அதைத் தொடவில்லை. ஜனவரியில் பரீட்சை, அதனால் ஒருத்தரும் வருசத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. போர்டிங் றூமில் ஐந்து பேர், மூன்று கட்டில், ஒரு லப்டொப். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு எங்களில் ஒருவனுடைய கனடா மச்சாளுடையது. அவள் எப்போது பாஸ்வேர்டை மாத்துவாளோ என்ற பயத்திலேயே அந்த வருடம் முழுக்கப் பார்த்தோம். கொத்து வாங்கி வந்து, கதவைச் சாத்தி, "சத்தம் போடாதேங்கோடா, அன்ரி ஏறி வந்திடுவா" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு போட்டோம்.

ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. முடிந்த பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. வெளியில் வெடிச்சத்தம் தொடங்கியிருந்தது. "ஆளுக்கு வயசு போட்டுது போல" என்றான் ஒருவன். அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு எங்களுக்குள் இன்றைக்கும் முடியவில்லை. இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறோம். ஒரு அமெரிக்கக் கொமெடியன் நல்லாச் செய்யவில்லை என்பதற்கு இலங்கையில் ஒரு போர்டிங் றூமில் இருக்கிற ஐந்து பேர் ஏன் இவ்வளவு மனவருத்தப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அதுதான் கேள்வி.

எங்களுக்கு ஷப்பெலைக் கொண்டுவந்து தந்தது 2022 மின்வெட்டு. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்களில் ஒருவன், கரண்ட் இருக்கிற நேரத்தில் யூடியூபில் கிடைத்ததையெல்லாம் போனில் இறக்கி வைத்து இருட்டில் பார்த்தவன். அப்படி அகப்பட்டதுதான் ஷப்பெலின் பழைய துண்டுகள். கம்பஸுக்கு வந்தபோது பெட்சீற்றோடும் வாளியோடும் அதையும் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தான். தமிழ் மீடியத்தில் படித்த ஐந்து பேர் ஒரு வசனத்தை ஆறு தரம் திருப்பிப் போட்டு, "என்ன சொன்னவன்?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். எங்கள் ஆங்கில வகுப்பு செய்யாததை அந்த பென் டிரைவ் செய்தது. என்ன, அதில் படித்த ஆங்கிலத்தை விரிவுரையாளருக்கு முன்னால் கதைக்க முடியாது.

2000ஆம் ஆண்டு வந்த 'கில்லின் தெம் சொஃப்ட்லி'யில் சிப் என்று ஒரு வெள்ளைக்கார நண்பனைப் பற்றிச் சொல்லுவார். சிப் குடித்துவிட்டுக் காரோட்டுகிறான். பக்கத்தில் ஷப்பெல். சிப் வேறொரு காரோடு ரேஸ் விடுகிறான், பொலிஸ் பிடிக்கிறது. ஷப்பெல் பயத்தில் உறைந்துபோய் இருக்கிறார். சிப்போ, அப்படிச் செய்யக் கூடாதென்று எனக்குத் தெரியாதே என்கிற மாதிரி ஒரு வசனத்தைச் சொல்கிறான். பொலிஸ் விட்டுவிடுகிறது. கொஞ்சத் தூரம் போனதும் சிப் திரும்பி, உண்மையில் எனக்குத் தெரியும்தான் என்கிறான்.

இந்தப் பகிடியை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அடையாள அட்டையை மறந்து கடைக்குப் போன அண்ணனுக்குப் பின்னால் அட்டையோடு ஓடின அம்மாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரே றோட்டில் ஒரே சென்ட்ரியில் ஒருத்தன் ஜோக்கடித்துக்கொண்டு போவான், இன்னொருத்தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பான். அந்தக் கையைப் பற்றிப் பகிடி விடலாம், விட்டால் பயம் கொஞ்சம் குறையும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் ஆள் அவர்.

2003இல் தொடங்கிய 'ஷப்பெல்ஸ் ஷோ'வின் முதல் எபிசோட்டிலேயே கிளேய்ட்டன் பிக்ஸ்பி என்று ஒரு பாத்திரம் வரும். பிறவியிலேயே கண் தெரியாத கறுப்பு மனிதன். தான் கறுப்பன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆகவே அவன் வெள்ளை இனவாதத்தின் பெரிய எழுத்தாளனாகிவிடுகிறான். அதைப் பார்த்த அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு அன்ரியை மாடிக்கு வரவைத்தது. சிரித்து முடிந்து பிறகு ஒருவன் சொன்னான்: "எங்கட ஊரிலயும் இப்பிடி ஆட்கள் இருக்கினம்டா, கண் தெரிஞ்ச ஆட்கள்." இன வெறி, சாதி வெறி என்று வகுப்பில் பத்து லெக்சரில் படிப்பதை அந்தச் சில நிமிடம் செய்துவிட்டது.

அவரை நாங்கள் தலையில் தூக்கி வைத்ததற்குப் பகிடி மட்டும் காரணமில்லை. 2005இல் அவர் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. ஐந்து கோடி டொலர் ஒப்பந்தம் கையில் இருக்க, மூன்றாவது சீசனைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது, போதைப்பொருள் என்று கதை கட்டினார்கள். அவர் பிறகு ஓப்ராவின் நிகழ்ச்சியில் விளங்கப்படுத்தினார். முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, கறுப்பர்களைப் பற்றிய பழைய கேலிச் சித்திரம் மாதிரி ஒரு குட்டித் தேவதையாக நடித்துக்கொண்டிருந்தாராம். நோக்கம், அந்தக் கேலியையே கேலி செய்வது. படப்பிடிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குச் சரியாகப் படவில்லை. தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா?

ஒரு மனிதன் ஒரே ஒரு சிரிப்பைக் கேட்டுவிட்டு அவ்வளவு காசையும் விட்டுப் போவான் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை. மேடையில் நிற்கிறவனின் வேலை சிரிக்க வைப்பது மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். சிரிப்பைக் கேட்பதும் அவன் வேலை என்று அன்றைக்குப் படித்தோம். யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று காதைக் கொடுக்க வேண்டும்.

2020 ஜூனில் வந்த '8:46'ஐப் பார்த்தால், அந்தக் காது அதுவரைக்கும் இருந்தது என்றுதான் சொல்லுவோம். ஜோர்ஜ் ஃபுளோய்ட் கொல்லப்பட்டுச் சில நாட்களில், ஒஹாயோவில் தான் வாழும் யெல்லோ ஸ்பிரிங்ஸில், மாஸ்க் போட்டுத் தள்ளித் தள்ளி இருந்த கொஞ்சப் பேருக்கு முன்னால் பேசினார். கழுத்தில் முழங்கால் இருந்ததாக அப்போது சொல்லப்பட்ட நேரம் எட்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி. தான் பிறந்த நேரமும் 8:46 என்று அதில் சொல்கிறார். பிஷப்பாக இருந்த தன் பூட்டனைப் பற்றிச் சொல்கிறார். பகிடி மிகக் குறைவு. நாங்கள் அதைப் பார்த்தது இரண்டு மூன்று வருடம் பிந்தித்தான். பார்த்த இரவு லைற்றைப் போடாமலே இருந்தோம்.

சரி, பிறகு என்ன நடந்தது?

உண்மையில் அது அதற்கு முதலே தொடங்கிவிட்டது. நாங்கள்தான் பார்க்க விரும்பவில்லை. 2017இல் நெட்ஃபிளிக்ஸுக்குத் திரும்பி வந்த காலத்திலிருந்தே திருநர்களைப் பற்றிய பகிடிகள் வரத் தொடங்கின. ஆட்சேபம் வந்தது. 2019இன் 'ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்' அந்த ஆட்சேபத்துக்கான பதிலாக இருந்தது. பதிலுக்கு ஆட்சேபம், ஆட்சேபத்துக்குப் பதில். 2021 ஒக்டோபரில் 'த க்ளோசர்' வந்தபோது நெட்ஃபிளிக்ஸ் ஊழியர்களில் ஒரு பகுதியினர் வேலையை விட்டு வெளியில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

'த க்ளோசர்' கடைசியில் டாஃப்னி டோர்மன் என்ற திருநங்கையின் கதை வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கொமெடி செய்தவர், ஷப்பெலுக்கு நண்பியானவர், அவருக்காக ட்விட்டரில் பரிந்து பேசியவர். 2019இல் தற்கொலை செய்துகொண்டார். ஷப்பெல் அவரைப் பாசத்தோடுதான் பேசுகிறார். மகளுக்கென்று பணம் ஒதுக்கியதையும் சொல்கிறார். டாஃப்னியின் குடும்பம் ஷப்பெலின் பக்கம் நின்றது என்பதையும் நாங்கள் மறைக்கப் போவதில்லை. இருந்தும், முதல் தரம் கண் கலங்கிப் பார்த்த நாங்கள், இரண்டாம் தரம் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தோம். செத்துப்போன ஒரு பெண்ணை அவர் தன் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் வழியில்லை. முடிக்கும்போது, இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சிரிக்கிறோம் என்று நிச்சயமாகும் வரைக்கும் இனி இந்தப் பகிடிகள் இல்லை என்றார். நாங்கள் நம்பினோம். 2005இல் எழுந்து போன மனிதன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

அந்த நம்பிக்கையோடுதான் அந்த டிசம்பர் 31 இரவு கதவைச் சாத்தினோம். 'த ட்ரீமர்' எடுக்கப்பட்டது வாஷிங்டனில் லிங்கன் தியேட்டரில். சிப்பின் கதையைச் சொன்ன அதே மேடை. இருபத்து மூன்று வருடம் கழித்து அங்கேயே திரும்பி வந்திருக்கிறார் என்றதும் எங்களுக்குப் புல்லரித்தது.

முதல் கதை ஜிம் கேரியைப் பற்றியது. ஒரு படப்பிடிப்புக்கு அவரைச் சந்திக்கப் போகிறார். ஜிம் கேரியோ, கமரா ஓடாத நேரத்திலும் தான் நடிக்கிற அன்டி கோஃப்மன் என்ற மனிதனாகவே இருக்கிறார், எல்லோரும் அவரை அன்டி என்றே கூப்பிட வேண்டும். ஷப்பெல் கதை சொல்லும் விதம் குறையவே இல்லை. அந்த இடைவெளி, அந்தக் குரல், அந்த முகம், எல்லாம் அப்படியே இருந்தன. நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் அவர் இறக்கிவிட்ட இடம், திருநர்களைச் சந்திக்கும்போதும் தனக்கு இப்படித்தான் இருக்கிறது என்பது. நல்ல தவில்காரன் ஒருத்தன் கலியாண வீட்டில் அடியாமல் சண்டைக்கு ஆள் சேர்க்க அடித்த மாதிரி இருந்தது. கை அதே கைதான்.

அடுத்தது, இனி திருநர்களை விட்டுவிட்டு மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பகிடி விடப்போகிறேன், அவர்கள் மற்றவர்கள் அளவுக்கு அணி திரண்டவர்கள் இல்லை என்கிற அர்த்தத்தில் ஒன்று. தன்னை விமர்சிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நக்கல் அது என்று எங்களுக்கும் விளங்கியது. அவ்வளவுக்கு மொக்கர்கள் இல்லை நாங்கள்.

அந்த இடத்தில் றூமில் ஒருவன் எல்லோருக்கும் முதல் சிரித்தான். ஜன்னலோரக் கட்டில்காரன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009இல் அவனுக்கு ஏழு வயது. வன்னியில் இருந்தார்கள். இடது கால் மற்றதை விடக் கொஞ்சம் கட்டை. இழுத்து இழுத்துத்தான் நடப்பான். கம்பஸுக்கு வந்த முதல் கிழமையே சீனியர்மார் அவனுக்கு அந்த நடையை வைத்து ஒரு காட் போட்டார்கள். காட் என்றால் பட்டப்பெயர். அது என்னவென்று இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவன்தான் முதல் ஆளாகச் சிரிப்பான். "இவன் ஸ்போர்ட்டிவான ஆள்" என்று சீனியர்மாருக்குப் பெரிய விருப்பம். எங்களுக்கும்தான். இரண்டாவது மாதத்திலிருந்து நாங்கள் நான்கு பேரும் அந்தப் பெயராலேயே அவனைக் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் ஹாஜர் போடும்போது மட்டும் கேட்டது.

அந்த இரவு லப்டொப் வெளிச்சத்தில் அவன் சிரித்ததைப் பார்த்தோம். பகிடி முடிவதற்கு முதலே சிரித்தான். வாய் சிரித்தது, கண் எங்களைப் பார்த்தது. நாங்கள் அவனைப் பார்க்கிறோமா என்று பார்த்தது. யாரும் பார்ப்பதற்கு முதல் தானே சிரித்துவிட்டால், பிறகு ஒருவரும் தன்னைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அந்தச் சிரிப்பை நாங்கள் ஆறு மாதமாகத் தினமும் கேட்டிருக்கிறோம். காதில் விழவில்லை. 2005இன் கதையை ஆளுக்காள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட ஆட்கள்தான் நாங்கள்.

ஆகவே அன்றைக்கு றூமில் ஒருவரும் கதைக்காமல் இருந்ததற்கு ஷப்பெலின் வயது காரணமில்லை.

எங்கள் தமிழில் பகிடிவதை என்று ஒரு சொல் இருக்கிறது. கம்பஸ் வாசலில் அதற்கு எதிரான அறிவித்தல் பலகை இருக்கிறது. தினமும் பார்த்ததால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. முன்பாதி பகிடி, பின்பாதி வதை. நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை. பகிடி விடுகிறவன் எப்போதும் முன்பாதியில்தான் நிற்கிறான். "சும்மா பகிடிக்குத்தானே" என்பான். எங்கே அது மற்றதாக மாறியது என்பது அந்தப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். அவன் அதைச் சொல்ல மாட்டான், சிரிப்பான்.

இதை வாசிக்கிற சிலர் உடனே கேட்பார்கள், அப்படியென்றால் அவரைத் தடை செய்ய வேண்டுமா என்று. இல்லை. தடை என்றால் என்னவென்று எங்கள் நாட்டில் பார்த்திருக்கிறோம். 2023 மே மாதக் கடைசியில் நதாஷா எதிரிசூரிய என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞர், பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். சிவில், அரசியல் உரிமைகளைக் காப்பாற்றுவதற்கென்று பெயர் வைத்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்தான் அதற்குப் பாவிக்கப்பட்டது. வீடியோவைப் போட்ட யூடியூப் சேனல்காரரும் கைதானார். ஜூலை தொடக்கத்தில்தான் நதாஷாவுக்குப் பிணை கிடைத்தது. ஒரு பகிடிக்கு ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியல்.

இதைப் பார்த்த எங்களுக்கு, தன்னை வாய் மூடப் பார்க்கிறார்கள் என்று ஷப்பெல் திரும்பத் திரும்பச் சொல்வது ஒட்டவில்லை. 'த க்ளோசர்' ஒன்றுக்கே நெட்ஃபிளிக்ஸ் இரண்டு கோடி நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2019இல் அமெரிக்க நகைச்சுவைக்கான பெரிய கௌரவமான மார்க் ட்வெய்ன் விருதும் கிடைத்தது. பிறகு 2025இல் ரியாத் நகைச்சுவை விழா. அரச குடும்பத்தையும் மதத்தையும் பற்றிப் பகிடி விடக் கூடாது என்ற நிபந்தனைகள் கலைஞர்களுக்கு அனுப்பப்பட்டதாக அப்போது வெளிவந்தது. அந்த மேடையில் நின்று, அமெரிக்காவை விட இங்கே பேசுவது சுலபம் என்று அவர் சொன்னதாகச் செய்தியில் வாசித்தோம். எழுதி வைத்த வாயடைப்பை வாங்கிக்கொண்டு போகிற ஆட்களுக்கு நடுவில் நின்று, தன் வீட்டில்தான் வாயை அடைக்கிறார்கள் என்கிறார். கிளேய்ட்டன் பிக்ஸ்பியை எழுதிய மனிதனுக்கு இந்தப் பகிடி பிடிபடாமல் போனதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

எங்களுக்கு அவர் மேல் இருப்பது கோபமும் இல்லை. நாங்கள் எதிர்பார்த்தது அவரிடமே படித்ததை.

இந்தக் கட்டுரையை எழுத முதல் ஜன்னலோரக் கட்டில்காரனிடம் கேட்டோம். எழுதுங்கோ என்றான். "ஆனா என்னைப் பாவமா எழுதினா பிறகு இருக்கு உங்களுக்கு" என்றான். அந்த இரவைப் பற்றி முதல் தரம் வெளிப்படையாகக் கதைத்தான்.

"எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை மச்சான். பகிடி சரியில்லை, அவ்வளவுதான். என்னைப் பற்றிப் பகிடி விடுறதெண்டா என்னட்டயே எவ்வளவு கிடக்கு. பஸ்ஸில சீட் தாறவை முதல்ல காலைப் பாப்பினம், பிறகு மூஞ்சையப் பாப்பினம், பிறகு மெதுவா, 'முள்ளிவாய்க்காலோ தம்பி?' எண்டு கேப்பினம். சீட்டுக்கு ரிக்கெட் அந்தக் கதைதான். ஒருக்கா ஒரு அன்ரிக்கு, 'இல்லை அன்ரி, முதலை' எண்டு சொல்லிட்டன். மனுசி அடுத்த ஹோல்ட் வரைக்கும் முதலையைத் திட்டிக்கொண்டு வந்தவ."

நாங்கள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. இந்தத் தரம் அவன் கடைசியாகத்தான் சிரித்தான், நாங்கள் சிரித்து முடியும் வரை முகத்தை வைத்துக்கொண்டிருந்து.

"இது அந்தாளுக்குத் தெரியாது. தெரிஞ்சுகொள்ள ஆசையும் இல்லை. முந்தி சிப்பைத் தெரிஞ்சு வச்சிருந்தவர், பொலிஸைத் தெரிஞ்சு வச்சிருந்தவர், தன்ர பயத்தைத் தெரிஞ்சு வச்சிருந்தவர். இப்ப தன்னைப் பற்றி ஆர் என்ன சொன்னவை எண்டது மட்டும்தான் தெரியும்."

இரண்டு வருடமாக நாங்கள் நான்கு பேரும் சொல்லத் தெரியாமல் திரிந்ததை அவன் பிளேன்ரீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவனை இப்போது சொந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறோம். சில நேரம் பழையது வாயில் வந்துவிடும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான், சிரிக்கவும் மாட்டான்.

போன மாதம் புது பட்ச் வந்தது. இப்போது நாங்கள்தான் சீனியர். கன்டீனில் ஒரு பெடியன் எங்கள் மேசைக்கு வந்து பெயர் சொல்ல வெளிக்கிட்டான். திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். எங்களில் ஒருவனுக்கு உடனே ஒரு காட் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல காட், உண்மையைச் சொன்னால் கெட்டித்தனமான காட். வாயைத் திறந்தவன் அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் பெடியன் சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

காட்டை விழுங்கிக்கொண்டு, "இருந்து சொல்லு தம்பி, அவசரமில்லை" என்றான்.

அடுத்த நாள் வேறு யாரோ அந்தப் பெடியனுக்குக் காட் போட்டுவிட்டார்கள். நாங்கள் யோசித்து வைத்திருந்த அதே காட்.